பச்சைச் சட்டை மிங்கா

காஷாலோமா மலையூரில் தண்ணீர் வேண்டுமென்றால் மண்வெட்டி பிடித்தாக வேண்டும். கையில் டாலரை வைத்துக்கொண்டு அலைந்தாலும் ஒரு சொட்டு கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தண்ணீர்த் தலைவர் கொம்பு ஊதுவார். வீட்டுக்கு ஒரு ஆள் மலைக்கு ஏற வேண்டும். வாய்க்கால் தூர் வாருவது, ஊற்றைச் சுற்றி வேலி கட்டுவது, பாதை செப்பனிடுவது என்று வேலைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. இந்தப் பொதுவேலைக்குத்தான் மிங்கா என்று பெயர். வராத வீட்டின் பெயரில் பாக்கி ஏறும். பாக்கி ஏறிய வீட்டைப் பார்த்து ஊர் சிரிக்கும். தண்ணீர் மட்டும் அந்த வீட்டைப் பார்த்து வராது.

சோய்லா இம்பாகிங்கோவின் வீட்டுக்குப் பாக்கி ஏறிக் கிடந்தது. கை விரல்களை மடக்கி எண்ணினால் கால் விரலுக்கும் போக வேண்டிவரும். அவள் சோம்பேறி இல்லை. கீழே பள்ளத்தாக்கில் இருக்கிற பூப்பண்ணையில் ரோஜா தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை. காதலர் தினம், மகளிர் தினம், அன்னையர் தினம் என்று வரிசையாக வரும். அந்த மாதங்களில் பண்ணைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. உலகத்தில் யார் யாரைக் காதலித்தாலும் விடுமுறை போவது சோய்லாவுக்குத்தான்.

அவள் போகாவிட்டால் புருஷன் ரெமிஹியோ போகலாமே என்றால், அவர் கதை வேறு. போன சான் பெத்ரோ திருவிழாவில் சோளக்கள் தந்த துணிச்சலில் போஞ்சோப் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு காளைக்கு முன்னால் போய் நின்றார். காளை அவரைத் தூக்கி வேலிக்கு வெளியே போட்டது. இடுப்பில் இப்போது ஒரு கம்பி இருக்கிறது. யாராவது கேட்டால், காளைக்குக் கால் வழுக்கிவிட்டது என்பார். குனிந்து மண் வெட்ட முடியாது, சுமை தூக்க முடியாது. ஆனால் அடுப்பு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார் என்றால் அந்த மலைச்சரிவில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வறுத்த தானிய மாவில் அவர் காய்ச்சும் கஞ்சிக்கு, முட்டையும் பாலாடைக்கட்டியும் போட்டு மேலே கூய் என்கிற கினிப்பன்றிக் கறி ஒரு துண்டு வைத்தால், கோபித்துக்கொண்டு போன உறவு கூடத் திரும்பி வரும்.

ஊரின் மேல்கோடியில் கடைசி வீடு அவர்களுடையது. பழைய குழாய் அதுவரை ஏறவில்லை. ரெமிஹியோவின் அக்காள் லூஸ்மிலா வீட்டுக் குழாயில்தான் காலையும் மாலையும் வாளி பிடிக்க வேண்டும். லூஸ்மிலா தண்ணீர் தரமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாளி நிறைவதற்குள் நாலு சொல் சொல்லாமலும் இருந்ததில்லை.

"வந்துட்டாக பண்ணைக்காரவுக. ரோசாப்பூவுக்கெல்லாம் தண்ணி ஊத்துறியே, ஒன் வீட்டுப் பானைக்கு ஊத்த என் குழாதானா கெடச்சுச்சு?"

"ரோசா கேட்ட ஒடனே வாடிப்போகும் மதினி. நான் வாடமாட்டேன், சொல்லுங்க."

"வாடமாட்டே. வாயி அப்படி. என் தம்பியக் காளைகிட்ட அனுப்பிட்டு வேடிக்கை பார்த்தவளாச்சே."

"நான் எங்க அனுப்புனேன்? நீங்க ஊத்திக் குடுத்த ரெண்டாவது கிண்ணம்தான் அனுப்புச்சு."

இப்படிப் போகும். சண்டை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் தினம் இரண்டு வேளை கேட்டால் யாருக்கும் சலிக்கும். அதனால் மேலே புது ஊற்று கண்டு, புதுத் தொட்டி கட்டி, மேல்வீடுகளுக்கெல்லாம் குழாய் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது சோய்லாவைவிடச் சந்தோஷப்பட்டவர்கள் ஊரில் இல்லை.

சந்தோஷம் ஊர்க்கூட்டம் வரைதான் இருந்தது. தண்ணீர்த் தலைவர் அவெலினோ ஃபரினாங்கோ எழுந்து தொப்பியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "சான் பெத்ரோவுக்கு முன்னால பாக்கியத் தீர்த்த வீட்டுக்குத்தான் இணைப்பு. குழாயப் போட்டு மண்ணத் தள்ளி மூடிட்டா, அப்பறம் எவன் வந்து அழுதாலும் தோண்ட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் அந்த மனுஷன். சொந்த மருமகன் தன் முறைக்குக் கூலியாள் ஒருவனை அனுப்பியபோது, அவனுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டு, திருப்பி அனுப்பி, மருமகன் பெயரில் பாக்கி ஏற்றியவர். சோய்லாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவரும் அவர்தான். அதெல்லாம் மிங்காவில் செல்லாது.

திருவிழாவுக்குள் இருந்த ஞாயிறுகளில் சோய்லா ஒருத்தி எத்தனை முறை போனாலும் பாக்கி தீராது. பகலெல்லாம் ரோஜாவுக்கு முள் கழித்துக்கொண்டே இதையே யோசித்தாள். அன்னையர் தினம் முடிந்து பண்ணையில் வேலை தளர்ந்திருந்த சமயம். அப்போதுதான் இன்ஜினியர் ஹிமேனா கொட்டகைக்குள் வந்தாள். அங்கே காலேஜ் படித்தவர்கள் எல்லாருக்கும் இன்ஜினியர் என்றுதான் பெயர். இவள் ஆட்கள் விவகாரத்தைப் பார்க்கிற இன்ஜினியர். நல்ல பெண். எல்லாருடைய பிறந்தநாளும் அவளுக்குத் தெரியும்.

"இந்த வருஷத் தொண்டு நாளுக்கு எந்த ஊருக்குப் போகலாம்? போன வருஷம் மாதிரி பள்ளிக்கூடத்துக்கு பெயின்ட் அடிக்க வேணாம். நாம அடிச்சதுக்கு முந்தின மாசம்தான் பேங்க்காரங்க அடிச்சிருக்காங்க, எனக்குத் தெரியாமப் போச்சு. உங்க ஊர்கள்ல நிஜமா என்ன வேலை இருக்கு, சொல்லுங்க."

சோய்லாவின் கை அவளைக் கேட்காமலே மேலே போனது.

"எங்க ஊர்ல குழாய்க்குக் குழி வெட்டணும் இன்ஜினியரம்மா. ஊத்துலேருந்து தொட்டி வரைக்கும், தொட்டியிலேருந்து வீடு வரைக்கும்."

ஹிமேனாவின் முகம் மலர்ந்துவிட்டது. "தண்ணி! இதைவிட என்ன வேணும்?"

அன்று சாயங்காலமே சோய்லா அவெலினோ வீட்டு வாசலில் நின்றாள். "அண்ணே, எங்க பண்ணையிலேருந்து ரெண்டு பஸ் நெறைய ஆளு வாராக. குழி வெட்ட."

"அடடே! வரட்டும் தங்கச்சி, வரட்டும். ஊருக்கு நல்லது."

இவள் மனதில் ஒரு கணக்கு, அவர் மனதில் ஒரு கணக்கு. அத்தனை ஆளும் தன் வீட்டுப் பாக்கிக்கு வருகிற ஆள் என்று இவள் நினைத்தாள். பண்ணை ஊருக்குச் செய்கிற உபகாரம் என்று அவர் நினைத்தார். வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். இருவருமே கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்கள் வந்து நின்றன. எல்லாரும் பச்சைச் சட்டை. முதுகில் ஒரு ரோஜா, அதைச் சுற்றிப் பண்ணையின் பெயர். சோய்லாவுக்கும் ஒன்று கிடைத்தது. கொஞ்சம் பெரிசு, முழங்கால் வரை தொங்கியது. போஞ்சோவைக் கழற்றி வைத்துவிட்டு அதைப் போட்டுக்கொண்டாள். கயாம்பே பனிமலை அன்று முகம் காட்டியிருந்தது. அதைப் பின்னால் வைத்து ஹிமேனா எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தாள்.

வேலையைப் பார்த்த ஊர்க்காரர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆபீஸ்காரர்கள் கொஞ்சம் பேர் மண்வெட்டியைத் துடைப்பம் மாதிரி பிடித்தார்கள் என்பது உண்மை. ஆனால் மற்றவர்கள் தோட்டத்திலும் கொட்டகையிலும் வேலை செய்கிறவர்கள்; எல்லாருமே ஏதோ ஒரு மலையூரில் பிறந்து மிங்காவுக்குப் போய் வளர்ந்தவர்கள். சோய்லாவுக்குப் பக்கத்து மேசையில் நின்று ரோஜா கட்டுகிற நார்சிசா, பாறை தட்டுகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு கடப்பாரையால் நெம்பினாள். புல்வேர் பின்னிக் கிடந்த கறுப்பு மண் கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. வாசனையே ஒரு தனி வாசனை.

"ஏடி சோய்லா, ஒங்க ஊரு மண்ணு வெண்ணெய் கணக்கா இருக்கே. எங்க ஊருல வந்து வெட்டிப் பாரு, பல்லு ஒடையும்."

"பல்லால ஏன்டி வெட்டுறீக? மம்பட்டி வாங்கக் கூடாதா?"

காலை பத்து மணிக்கு மேல் மூடுபனி இறங்கி, தூறலும் விழுந்தது. யாரும் நிறுத்தவில்லை. சோய்லா தன் பங்கையும் வெட்டி, ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிற பையன்களின் பங்கிலும் பாதி வெட்டினாள். அவள் உடம்பில் அன்று அலுப்பே இல்லை. ஒவ்வொரு கட்டி மண்ணையும் தூக்கிப் போடும்போது ஒரு பாக்கி தீர்ந்தது என்று அவள் கணக்கு. அடுத்த ஞாயிறுகளுக்கென்று விட்டிருந்த பகுதியையும் சேர்த்து வெட்டிவிடலாம் என்று அவளே முன்னால் நின்று கூவினாள்.

மத்தியானம் ஊர்ப் பெண்கள் புல்தரையில் துணிகளை ஒன்றோடொன்று சேர்த்து நீளமாக விரித்தார்கள். ஒவ்வொரு வீட்டு மூட்டையும் அதன் நடுவில் கொட்டப்பட்டது. தோலோடு அவித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த சோளம், மொச்சை, பச்சைப் பாலாடைக்கட்டி, மிளகாய் அரைத்தது. கொட்டிய பிறகு எது யார் வீட்டுக் கிழங்கு என்று தெரியாது, தெரியவும் கூடாது. ரெமிஹியோ தன் கஞ்சிப் பானையைக் கழுதை மேல் ஏற்றி, தானும் கம்பை ஊன்றிக்கொண்டு கூடவே வந்து சேர்ந்திருந்தார்.

அதே நேரம் பண்ணையின் வண்டி வந்தது. வெள்ளை டப்பாக்கள், உள்ளே சோறும் கோழியும். "வெளியில எதையும் சாப்பிடாதீங்க, யாருக்காவது வயித்துக்கு ஒத்துக்கலன்னா என்னைத்தான் கேப்பாங்க" என்று ஹிமேனா கெஞ்சாத குறையாகச் சொன்னாள். பச்சைச் சட்டைகள் பஸ் படியிலும் ஓரத்துக் கற்களிலும் உட்கார்ந்து ஆளுக்கொரு டப்பாவைத் திறந்தார்கள். நார்சிசா துணிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு எச்சிலை விழுங்கினாள். சோய்லாவின் கையிலும் ஒரு டப்பா திணிக்கப்பட்டது. பசி. நின்ற இடத்திலேயே நாலு வாய் அள்ளிப் போட்டாள். துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த லூஸ்மிலா கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததைச் சோய்லா கவனித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் பஸ்கள் போன பிறகு ஊர் கூடியது. குழி முழுக்க முடிந்துவிட்டது. அவெலினோ பண்ணைக்கு நன்றி சொன்னார், கை தட்டினார்கள். பிறகு ஒவ்வொரு வீடாகப் பெயர் கூப்பிட்டார். "இம்பாகிங்கோ வீடு" என்று கூப்பிட்டபோது சோய்லா குரலை உயர்த்தி "இருக்கேன் அண்ணே! பாக்கி மொத்தமும் தீந்துச்சு" என்றாள்.

அவெலினோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "தங்கச்சி, நீ இன்னைக்கு வரலியே."

"என்னது? வரலியா? கையப் பாருங்க அண்ணே! கொப்புளத்தப் பாருங்க!"

"பண்ணை வந்துச்சு. ஒன் வீடு வரலன்னு சொல்றேன். இன்னைக்கு ஒனக்குப் பண்ணையில நாள் சம்பளம் உண்டா, இல்லியா?"

சோய்லாவுக்குப் பொய் சொல்ல வராது. "உண்டு."

"அப்பக் கூலி வாங்குன கை அது. என் மருமகன் அனுப்புன ஆளும் கூலிக்குத்தான் வந்தான், அவனத் திருப்பி அனுப்புனேன். ஒனக்கு மட்டும் சரின்னா நாளைக்கு மருமகன் என் சட்டையப் பிடிப்பான். துணியில ஒக்காந்து சாப்பிட்டியா நீ? டப்பாவுலதான தின்னே?"

"நாலு வாய் அண்ணே..."

"நாப்பது வாயானாலும் டப்பா டப்பாதான்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். சோய்லாவுக்கு அப்போதுதான் முழுசும் உறைத்தது. பாக்கியைத் தீர்க்க மிச்சமிருந்த ஞாயிறுகளின் வேலையையும் சேர்த்து அவளே முன்னால் நின்று வெட்டி முடித்துவிட்டாள். இனிமேல் வெட்டக் குழி இல்லை. இரண்டு பஸ் ஆளைக் கூட்டிவந்து தன் குழாயைத் தானே இல்லாமல் பண்ணிக்கொண்டாள். பெரிய பச்சைச் சட்டைக்குள் நின்றுகொண்டு அழுதுவிடாமல் இருக்க உதட்டைக் கடித்தாள்.

அவெலினோவுக்கும் மனசு கேட்கவில்லை. "ஒரு வேலை பாக்கி இருக்கு. தொட்டிக்கு மணலும் ஜல்லியும் மேலே சுமக்கணும். வண்டி போகாது. அடுத்த வார ஞாயித்துக்கெழம. ஒன் பாக்கி அத்தனைக்கும் அன்னைக்கு ஒரே நாள்ல ஆளு கொண்டு வா, எண்ணிக்கிறேன். கூலி வாங்காத ஆளா இருக்கணும். ஒன் வீட்டு ஆளா இருக்கணும்" என்றார்.

வீட்டு ஆளுக்கு அவள் எங்கே போவாள்? அண்ணன்மார் இரண்டு பேரும் தலைநகர் கீத்தோவில் கட்டட வேலை. தங்கை ஸ்பெயினில். வீட்டில் இருப்பது இடுப்பில் கம்பி வைத்த ஒரு மனுஷன், பள்ளிக்கூடம் போகிற மகள்.

"நான் ஒரு மூட்டை தூக்கிருவேன்" என்றார் ரெமிஹியோ அன்று கஞ்சியைக் கிண்டிக்கொண்டே.

"தூக்குவீக. அப்பறம் ஒங்களத் தூக்க நாலு பேரு வேணும்."

"காளையவே தூக்கப் பாத்தவன் நான், புள்ள."

"காளை சொல்லட்டும் அந்தக் கதைய." சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. ரெமிஹியோ கரண்டியை வைத்துவிட்டு, அவள் தலையில் கைவைத்தார்.

மறுநாள் காலை குழாயடியில் லூஸ்மிலா வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறக்கவில்லை. திட்டாத லூஸ்மிலாவைப் பார்க்க சோய்லாவுக்குப் பயமாக இருந்தது.

"என்ன மதினி, ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கென்ன. நேத்தே கையப் பிடிச்சு இழுத்துத் துணியில ஒக்கார வச்சிருக்கணும் ஒன்னைய. நான்தான் வாயப் பொத்திட்டு இருந்துட்டேன். எப்பவும் பேசுறவ, நேத்துப் பார்த்துப் பேசாமப் போனேன்."

திங்கட்கிழமை கொட்டகையில் சோய்லா ரோஜாவை அட்டையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். குளிரில் விரல் மரத்திருந்தது. இரண்டு கட்டுகளில் நீளமும் குட்டையும் கலந்துவிட்டது. அவள் கட்டு தப்பியதை நார்சிசா அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"என்னடி ஆச்சு? குழாயில தண்ணிக்குப் பதில் பேயி வந்துச்சா?"

வேறு வழியில்லாமல் சொன்னாள். கேட்டு முடித்த நார்சிசாவுக்குக் கோபம் வந்தது. அவெலினோ மேல் வரவில்லை. சோய்லா மேல் வந்தது.

"ஒங்க தலைவரு சொன்னது சரிதான். எங்க ஊர்லயும் அதையேதான் சொல்லுவாக. சம்பளத்துக்கு வெட்டுனா அது எப்படி மிங்கா ஆகும்? ஏன்டி, பாக்கி இருக்குன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல ஒனக்கு என்ன?"

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

"கம்பெனிகிட்டக் கேட்டப்ப வெக்கம் எங்க போச்சு? எங்ககிட்டன்னா மட்டும் வருதோ? சரி, நாங்க வந்தா நீ திருப்பிச் செய்வியா? எங்க ஊர்ப் பாலத்துக்குக் கல்லு தூக்கணும்."

"செய்வேன்."

"ஏச்சுப்புடாதே."

"அட, வருவேன்டி!"

நார்சிசா வருவாள் என்று தெரிந்துபோனது. ஒருத்தி வந்தால் ஒரு பாக்கி குறையும், அவ்வளவுதானே என்று சோய்லா மனதைத் தேற்றிக்கொண்டாள். கொட்டகைக்குள் மேசை மேசையாகப் போன பேச்சு அவள் காதுக்கு எட்டவில்லை. ஒருநாள் ஹிமேனா வந்து தயங்கி நின்று, "சோய்லா, நான் தெரியாமப் பண்ணிட்டேன். அந்த நாளைச் சம்பளத்துல கழிச்சுட்டா ஒத்துக்குவாரா உங்க தலைவர்?" என்று கேட்டாள்.

"வேணாம் இன்ஜினியரம்மா. அது வேற, இது வேற. நீங்க என்ன பண்ணுவீக?"

ஞாயிறு வந்தது. காற்று அடித்துக்கொண்டிருந்தது, தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பாதை முடிகிற இடத்தில் மணலும் ஜல்லியும் குவித்திருந்தார்கள். கொம்பு ஊதியாயிற்று. சோய்லா சாக்கை முதுகில் கட்டிக்கொண்டு நின்றாள். ரெமிஹியோ கொஞ்சம் தள்ளிக் கல் அடுப்பு மூட்டி, ஊரிலேயே பெரிய பானையை லூஸ்மிலாவிடம் வாங்கிவந்து ஏற்றியிருந்தார். அத்தனை பெரிய பானை எதற்கு என்று சோய்லா கேட்டதற்கு, அக்கா தந்தாள் என்று மட்டும் சொன்னார்.

கீழே வளைவில் ஒரு பால் லாரி முனகிக்கொண்டு ஏறி வந்தது. பின்பக்கம் நிறையப் பெண்கள். தொப்பிகளும் போஞ்சோக்களும் சிவப்பும் நீலமுமாகத் தெரிந்தன. ஒரு பச்சைச் சட்டை கூட இல்லை. முதலில் நார்சிசா குதித்தாள். அவள் பின்னால் அடுத்த மேசைக்காரி, அதற்கடுத்த மேசைக்காரி, மருந்தடிக்கிறவர்கள், அட்டைப்பெட்டி கட்டுகிறவர்கள். ஒருத்தி முதுகில் குழந்தை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துணி மூட்டை. கடைசியாக ஹிமேனா, இரவல் வாங்கிய ரப்பர் பூட்ஸோடு இறங்கினாள்.

"படம் எடுக்குற போனு எங்க?" என்று நார்சிசா அவளைக் கேட்டாள்.

"வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். நீங்கதானே சொன்னீங்க."

சோய்லா ஓடிப்போய் நார்சிசாவைக் கட்டிக்கொண்டாள். "அழுதது போதும், சாக்கப் பிடி" என்றாள் நார்சிசா.

அன்று மணல் மலை ஏறியது. கீழிருந்து தொட்டி வரை வரிசை. ஏறுகிறவர்கள் மூச்சிரைக்க, இறங்குகிறவர்கள் கேலி பேச, குழந்தை ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்கு மாற, பாதி வழியில் ஒரு வாளி சோளக்கள். காற்று மணலை அள்ளிக் கண்ணில் போட்டது. ஹிமேனா கால் சாக்கு தூக்கினாள். மூன்றாவது நடையில் உட்கார்ந்துவிட்டாள். லூஸ்மிலா அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய் அடுப்படியில் உட்கார வைத்து, "மொச்சை உரிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். எங்க அம்மா ஊர்லயும் மிங்கா உண்டு. நான் போய் ரொம்ப வருஷமாச்சு."

"அப்ப ஒங்க அம்மா வீட்டுக்கும் பாக்கி ஏறிக் கெடக்கும், போ" என்றாள் லூஸ்மிலா, கொஞ்சமும் தாட்சண்யம் இல்லாமல்.

மத்தியானம் துணி விரிந்தது. வந்தவர்கள் எல்லாரும் மூட்டைகளை அவிழ்த்து நடுவில் கொட்டினார்கள். ஹிமேனா ஒரு பை ரொட்டி கொண்டுவந்திருந்தாள். அதுவும் கிழங்கோடு கலந்தது. ரெமிஹியோவின் கஞ்சி கிண்ணம் கிண்ணமாகச் சுற்றிவந்தது. எல்லாரும் உட்கார்ந்த பிறகு அவெலினோ எழுந்தார். அவருக்கு எதையும் முறைப்படி செய்ய வேண்டும். துணியின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தார்.

"நீ யாரு வீடு?"

வாயில் சோளத்தோடு நார்சிசா சொன்னாள்: "சோய்லா வீடு."

"நீ?"

"சோய்லா வீடு."

"ஒங்க வீடு எதும்மா?"

"சோய்லா வீடு அண்ணே."

வரிசை நீண்டுகொண்டே போனது. நடுவில் ஊர்க்காரர்கள் சிலர் தங்கள் வீட்டைச் சொன்னார்கள்; பிறகு மறுபடியும் சோய்லா வீடு, சோய்லா வீடு. முதுகில் குழந்தை வைத்திருந்தவள், "நாங்க ரெண்டு பேரும்" என்றாள். ஹிமேனா மொச்சைத் தோலோடு எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல, "சோய்லா வீடு" என்றாள். அடுத்து லூஸ்மிலா. அவள் வீட்டுப் பெயர் ஊருக்கே தெரியும்.

"எங்க வீட்டுக்கு என் மகன் வந்திருக்கான். என்னைய இவ வீட்டுல எழுதிக்கோ" என்றாள் அவள், யாரையும் பார்க்காமல்.

அவெலினோ நிறுத்தினார். தொப்பியைக் கழற்றினார். "ஏ தங்கச்சி, ஒன் வீட்டுல ரூமு எத்தனை?"

"ரெண்டுண்ணே" என்றாள் சோய்லா.

"எப்படித்தான் படுக்கிறீகளோ" என்றார் அவர். பிறகு ஊர் முழுக்கக் கேட்கும்படி, "இம்பாகிங்கோ வீடு வந்தாச்சு! பாக்கி இல்ல!" என்று கத்திவிட்டு, உட்கார்ந்து, தன் கிண்ணத்தை ரெமிஹியோவிடம் நீட்டினார். "ஊத்துய்யா. கறி ஒரு துண்டு சேத்து."

இனாமாக வந்ததல்ல அந்தக் கூட்டம். அத்தனை பேருக்கும் திருப்பிச் செய்தாக வேண்டும். நார்சிசா ஊரில் பாலம், அடுத்த மேசைக்காரி ஊரில் ஆலயத்துக்கு ஓடு, இன்னொருத்தி ஊரில் பாதை, ஹிமேனா அம்மா ஊரில் கூட ஒரு வாய்க்கால். கிறிஸ்துமஸ் வரை சோய்லாவுக்கு ஒரு ஞாயிறு கூட மிச்சமில்லை. அவளைக் கேட்டால், போன வருஷமும் மிச்சமில்லை, அது யாரோ முகம் தெரியாதவர்களின் காதலுக்குப் போனது, இது தெரிந்தவர்களுக்குப் போகிறது என்பாள்.

அதனால்தான் அவள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்த அன்று அவள் வீட்டில் இல்லை. நார்சிசாவின் ஊர் ஓடையில், முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, பாலத்துக்குக் கல் மாற்றிக்கொண்டிருந்தாள். பாவாடைக்குள் போன் அடித்தது. எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"ஏ சோய்லா! தொறந்துட்டாக! இந்தா கேளு, கேளு!" என்று ரெமிஹியோ கத்தினார். போனைக் குழாயடியில் பிடித்திருக்கிறார் போலிருக்கிறது. முதலில் சளி கட்டியது மாதிரி ஒரு இருமல், காற்று சீறும் சத்தம், அப்புறம் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம். விழுந்துகொண்டே இருந்தது. கல் சுமந்துகொண்டிருந்த பெண்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சோய்லாவைச் சுற்றி நின்றார்கள். சோய்லா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கியதைத் துடைக்கக்கூட மறந்து நின்றாள்.

வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. பின்னால் லூஸ்மிலாவின் குரல் எதையோ திட்டியது. ரெமிஹியோ சிரித்துக்கொண்டே இருந்தார்; தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

முதலில் நார்சிசாதான் பொறுக்கமாட்டாமல் போனைப் பார்த்துக் கத்தினாள். அப்புறம் ஒருத்தி, அப்புறம் எல்லாரும், சோய்லாவும் சேர்ந்து, ஓடைக்கு அந்தக் கரைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி:

"மூடுய்யா! தண்ணி வீணாப் போகுது, குழாய மூடு!"